நெல் வேரும் நுண்ணுயிரும்

செயற்கை உரம் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, காவிரிப் பாசனத்திலும் கங்கைக் கழிமுகத்திலும் யாங்ஸி நதிக்கரையிலும், ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் நெல்லே விளைந்து வந்திருக்கிறது என்பதும், புன்செய் நிலங்களைப் போல் அவை தரிசாகக் கிடந்து இளைப்பாற வேண்டிய அவசியம் நேரவில்லை என்பதும் விவசாய விஞ்ஞானிகளை வெகுகாலம் வியப்பில் ஆழ்த்திய விஷயங்கள். ஒரு டன் நெல்லை விளைவிப்பதற்குப் பயிரானது ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ வரை நைட்ரஜனைக் கிரகித்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி தானியமாகக் களஞ்சியத்துக்கும், எஞ்சியது வைக்கோலாக மாட்டுத் தொழுவத்துக்கும் போய்விடுகிறது. தொழுவத்துக் குப்பையும் வேலியோரத் தழையும் இவ்விழப்பில் ஒரு பங்கைத்தான் ஈடு செய்யக்கூடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960இல் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், நைட்ரஜன் உரம் சிறிதும் இடாத பாத்திகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் இடைவிடாது பயிரிட்டுப் பார்த்தபோதும், விளைச்சல் குறைவாக இருந்ததேயன்றி அற்றுப்போய்விடவில்லை. செலவு தெரிகிறது; வரவு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. இந்த வரவின் மீதுள்ள நம்பிக்கையினின்று தோன்றியவைதாம் இன்று பொட்டலங்களாகவும் புட்டிகளாகவும் விற்கப்படும் பாக்டீரியா உரங்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி, பாக்டீரியாக்கள் நெல்லுக்குச் செய்யும் உபகாரம் உண்மையில் எத்தகையது, அது வயலில் பலிப்பதும் பலிக்காமற் போவதும் எதனால் என்பனவற்றை ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சியின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று கோயம்புத்தூரில் எழுதப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. சென்னை அரசாங்கத்தின் விவசாய ரசாயன அறிஞராக இருந்த டபிள்யூ. எச். ஹாரிசனும், அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், நீர் கட்டி நிற்கும் நெல் வயலின் சேற்றைக் கிளறினால் குமிழியிட்டு எழும் வாயுக்களைச் சேகரித்துப் பகுத்தாராய்ந்து, 1913ஆம் ஆண்டு தொடங்கித் தம் முடிவுகளை வெளியிட்டனர். சேற்றுக்குள் மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருக்க, அவ்வாயுக்கள் நீரை எட்டுமுன் சேற்றின் மேற்பரப்பில் படிந்துள்ள மெல்லிய ஏட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றில் ஒரு பகுதியை மாற்றிவிடுகின்றன என்றும், அங்கேயே வாழும் பாசிகள் கரியமிலவாயுவை உண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன என்றும், அந்தப் பிராணவாயு வேர்களுக்கு உதவுகிறது என்றும் அவர்கள் கண்டனர். வேர்களின் சுவாசத்தைப் பற்றிய அவர்களுடைய விளக்கம் பிற்காலத்தில் பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் நெல் வயல் ரசாயனப் பொருள்களின் கிடங்கு மட்டுமன்று, ஜீவராசிகளின் தொழிற்களம் என்ற பார்வைக்கு அவர்களே முன்னோடிகள். இதன் பின்னர், வங்காளத்து நெல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே என்பவர், வெளிச்சம் படும்படி வைத்த மண்ணில் நைட்ரஜன் பெருகுவதையும், அந்தப் பெருக்கத்துக்கு முக்கிய காரணம் நீலப்பச்சைப் பாசிகளே என்பதையும் 1939இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் எடுத்துக் காட்டினார். பாசி என்று பெயர் பெற்றிருப்பினும், இவையும் பாக்டீரியா இனத்தைச் சார்ந்தவையே என்பது இன்றைய உயிரியல் கொள்கை.

வயலின் சேற்றுக்கு இத்தகைய சக்தி வாய்த்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணத்தக்க அம்மோனியாவாக மாற்றும் நொதிப்பொருளுக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். அது பிராணவாயு பட்டால் செயலிழந்துவிடும் இயல்புடையது; அதே சமயம் அந்த வேலைக்கு அளவற்ற சக்தி வேண்டியிருப்பதால், சர்க்கரை போன்ற உணவும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் உணவை முழுவதும் எரித்துச் சக்தி பெறுதல் அரிது; காற்றுள்ள இடத்திலோ நொதிப்பொருள் நாசமாகிறது. இந்தத் தர்மசங்கடத்துக்கு நெல் வேரின் ஓரம் ஒரு தீர்வாக அமைந்திருக்கிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகளின் வழியே மேலிருந்து பிராணவாயு இறங்கி, வேரைச் சுற்றிலும் கசிகிறது. சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால் சேறு முற்றிலும் காற்றற்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய விளிம்பில் பிராணவாயு கொஞ்சம் உண்டு, வேர் கசியவிடும் சர்க்கரைகளும் அங்கக அமிலங்களும் உண்டு. ஆகவேதான் குடியிருக்க விரும்பும் ஜீவன்கள் அங்கே திரள்கின்றன. வேரைச் சூழ்ந்த இம்மண்ணை ஒரு தனி மண்டலமாகக் கருத வேண்டுமென்று 1904இல் வற்புறுத்தியவர் ஜெர்மானிய விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர்.

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் நடக்கும் அற்புதத்தை 1886இல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் வெளிப்படுத்தியதும், அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவை 1888இல் டச்சு விஞ்ஞானி பையரிங்க் தனியே பிரித்தெடுத்ததும் பலரும் அறிந்த வரலாறு. நெல்லுக்கு அத்தகைய முடிச்சு கிடையாது. எனவே தானியப் பயிர்களின் வேரோரம் சுயேச்சையாக வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி நெடுநாள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பையரிங்கே 1920களில் வர்ணித்துவிட்டுச் சென்ற ஒரு சுருள் பாக்டீரியா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. பிரேசில் நாட்டில் பணிபுரிந்த யோஹன்னா டோபரைனர் அம்மையார் 1970களில் புல்லினங்களின் வேர்களில் அதை மீண்டும் கண்டு எழுப்பினார். 1978இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்ற பெயர் நிலைத்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை ஒட்டி யூரியாவின் விலை ஏறி, உரம் வாங்க வழியற்ற நாடுகள் தவித்துக் கொண்டிருந்த அத்தருணத்தில், காற்றிலிருந்து இலவசமாக உரம் தயாரித்துத் தரும் ஒரு பாக்டீரியா புல்லின் வேரிலேயே இருக்கிறது என்ற செய்தி எத்தகைய உற்சாகத்தை விளைவித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், அசோஸ்பைரில்லம் என்ற சொல் விவசாயிகளின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டதும் அந்த உற்சாகத்தின் தொடர்ச்சியே.

ஆனால் அளந்து பார்த்தபோது கணக்கு உதைத்தது. பாக்டீரியாவின் நைட்ரஜன் உற்பத்தியை அசிட்டிலீன் வாயுவைக் கொண்டு மறைமுகமாக மதிப்பிடும் முறை முதலில் மிகைப்பட்ட எண்களைத் தந்தது. நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பை அடையாளமாக வைத்து, பயிரின் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று நேராகப் பின்தொடர்ந்த ஆய்வுகளோ, அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து எடுத்துப் பயிருக்குக் கொடுப்பது சொற்பமே என்று காட்டின. ஒரு பாக்டீரியா தான் சம்பாதித்த நைட்ரஜனை உயிரோடிருக்கும் வரை தன் உடம்பை வளர்த்துக்கொள்ளவே பயன்படுத்தும் என்பதும், தானம் செய்வதற்கு அதற்கு யாதொரு நிர்ப்பந்தமும் இல்லை என்பதும் சற்று யோசித்தால் விளங்கக்கூடியவையே. இருந்தும் பயிர் செழித்தது என்னவோ உண்மை. உலகெங்கும் இருபது ஆண்டுகளாக நடந்த வயல் பரிசோதனைகளை 1994இல் தொகுத்து மதிப்பிட்ட ஓக்கன், லபான்டெரா-கொன்சாலஸ் ஆகிய இருவரும், நூற்றுக்கு 60 முதல் 70 பரிசோதனைகளில் விளைச்சல் கூடியது என்றும், அந்த அதிகரிப்பு நூற்றுக்கு 5 முதல் 30 வரை இருந்தது என்றும் கண்டனர். அதாவது மூன்றில் ஒரு பங்கு பரிசோதனைகள் பலனளிக்கவில்லை. விளம்பரத் துண்டுகளில் முதல் எண் மட்டும் இடம்பெறுவது வியாபார தர்மம் போலும்.

நைட்ரஜன் அன்றேல் வேறு எது பயிரைச் செழிக்கச் செய்தது? அசோஸ்பைரில்லமும் அதைப் போன்ற பல பாக்டீரியாக்களும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கின்றன. பயிர் தானே தன் வேர்களைக் கிளைக்கச் செய்வதற்குப் பயன்படுத்தும் அதே பொருள் அது. பாக்டீரியா குடியேறிய நாற்றில் பக்க வேர்கள் பெருகுகின்றன, வேர்த் தூவிகள் அடர்த்தியாகின்றன, ஆகவே மண்ணைத் துழாவும் பரப்பு விரிகிறது. இந்திய நெல் வயல்களில் இடப்படும் யூரியாவில் பயிரைச் சேர்வது நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே. எஞ்சியது அம்மோனியாவாய் ஆவியாகியும், வாயு நைட்ரஜனாய் மாறியும், நீரோடு வடிந்தும் போய்விடுகிறது. அப்படி வீணாகும் பங்கில் ஒரு சிறு பகுதியைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும் வேர் அமைந்துவிட்டால், அந்த லாபம் பாக்டீரியா தன் உழைப்பால் தரக்கூடிய நைட்ரஜனைக் காட்டிலும் பெரிது. உர அளவில் கால் பங்கைக் குறைக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படும் சிபாரிசுக்கு ஏதேனும் ஆதாரம் உண்டெனில், அது இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவும் உண்டு. பாக்டீரியா யூரியாவுக்கு மாற்று என்று நம்பி உரத்தை அடியோடு நிறுத்தியவன் ஏமாற்றமடைவான். ஏனெனில் விரிந்த வேர் பற்றிக்கொள்வதற்கு மண்ணில் ஏதேனும் இருந்தாக வேண்டும்.

இம்முடிவுக்கு வலுவான சாட்சியம் எகிப்திலிருந்து கிடைத்திருக்கிறது. நைல் நதியின் கழிமுகத்தில் நெல்லையும், பெர்சீம் என்னும் தீவனப் பயற்றையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் வழக்கம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த நிலத்து நெல் வேர்களை ஆராய்ந்த யூசுப் யன்னி என்ற எகிப்திய விஞ்ஞானியும் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் டாஸோ முதலான அவருடைய சகாக்களும், பெர்சீமின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நெல் வேரின் உட்புறத்திலும் குடியேறி வாழ்வதை 1997இல் வெளியிட்டனர். முடிச்சு எதுவும் உண்டாவதில்லை. பக்க வேர்கள் வெடித்துக் கிளம்பும் இடுக்குகள் வழியே அது உள்ளே நுழைகிறது. தேர்ந்தெடுத்த ரகங்களை நெல்லில் ஏற்றியபோது விளைச்சல் கூடியது, உரத்தின் தேவையும் குறைந்தது. ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் காற்று நைட்ரஜன் அன்று, வேரின் விரிவும் சத்துக்களைக் கிரகிக்கும் திறனின் பெருக்கமுமே என்று அவர்களே தெளிவுபடுத்தினர். நைட்ரஜனைப் பிடிப்பதற்கென்றே உலகப் புகழ் பெற்ற ஒரு பாக்டீரியா, நெல்லிடம் வந்ததும் தன் பிரசித்தமான தொழிலை விட்டு வேறு தொழில் செய்கிறது என்பது சுவாரசியமான விஷயமல்லவா? நம் டெல்டாவில் நெல்லறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கமும் பழமையானதே. அந்நிலங்களின் நெல் வேருக்குள் எவ்வகை ரைசோபியம் குடியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது இங்குள்ள ஆராய்ச்சியாளர்களுக்குத் தகுந்த வேலை.

மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் நாட்டில் பெரிய அளவில் பரப்பப்பட்ட இம்முறை, அமெரிக்கப் பரிசோதனைகளில் சந்தேகத்துக்கு இடமானதாகவே முடிந்தது. மேலும், நீர் கட்டிய நிலத்தில் இரும்புச் சேர்மங்கள் உருமாறுவதனால், அவற்றில் சிக்கியிருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி தானாகவே விடுபடுகிறது. தண்ணீர் செய்யும் வேலைக்குப் பாக்டீரியாவுக்குக் கூலி கொடுப்பானேன்? புழுதி விதைப்பு நிலங்களிலும், நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நிறுத்தும் வயல்களிலும் இதன் உபயோகம் அதிகமாக இருக்கலாம்.

நோய்த் தடுப்பில் பாக்டீரியாக்களின் பணி இதைவிட உறுதியான அஸ்திவாரம் உடையது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் இனம், இரும்பைக் கவர்ந்து கைப்பற்றும் சேர்மங்களைச் சுரந்து நோய்ப் பூஞ்சணங்களுக்கு இரும்பு கிட்டாமல் செய்கிறது; பூஞ்சணங்களை நேரே தாக்கும் நச்சுப் பொருள்களையும் சில ரகங்கள் உண்டாக்குகின்றன; இவ்விரண்டையும் விட முக்கியமாக, வேரில் அது இருக்கிறது என்ற அறிகுறியே பயிர் முழுவதையும் எச்சரித்து, இலைக்கு வரப்போகும் நோயை எதிர்க்கும்படி ஆயத்தம் செய்கிறது. குலை நோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் எதிராகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதன் தூள் வடிவத்தைப் பல ஆண்டுகளாகச் சிபாரிசு செய்து வருகிறது. கிலோ விதைக்கு 10 கிராம் என்பது வழக்கிலுள்ள அளவு. இத்தகைய வேர்வாழ் பாக்டீரியாக்களுக்கு வளர்ச்சியூக்கிகள் என்னும் பொதுப்பெயரை 1978இல் குளோப்பர், ஷ்ரோத் என்ற அமெரிக்கர்கள் அளித்தனர்.

இனி, ஆய்வுக்கூடத்தில் சிறந்து விளங்கும் பாக்டீரியா வயலுக்கு வந்ததும் ஏன் பல சமயம் காணாமற் போகிறது என்பதைப் பார்ப்போம். இதற்குச் சிறு பெருக்கல் கணக்கே போதும். ஒரு ஹெக்டேர் நடவு வயலுக்கு 200 கிராம் பொட்டலம் பத்து, அதாவது 2 கிலோ அசோஸ்பைரில்லத்தை, 25 கிலோ தொழு உரத்துடனும் 25 கிலோ மண்ணுடனும் கலந்து தூவச் சொல்கிறார்கள். இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டபோது விதிக்கப்பட்ட தரம், கிராமுக்கு 5 கோடி உயிருள்ள அணுக்கள். அந்தத் தரம் முழுதும் இருப்பதாகவே கொண்டாலும், வயலைச் சேர்வன 10,000 கோடி. பெரிய தொகைதான். ஆனால் அந்த ஹெக்டேரின் மேல்மண் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ எடையுள்ளது. கிராமுக்கு 10 கோடி வீதம் அதில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கணக்கிட்டால், புதிதாக வந்த ஒருவனுக்கு எதிரே பழங்குடிகள் 20 லட்சம் பேர் நிற்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஊருக்குப் புதியவன் ஒருவனை இறக்கிவிட்டு, அவன் தேரின் வடத்தைப் பிடித்துவிடுவான் என்று எதிர்பார்ப்பது போன்றது இது.

நாற்றின் வேரை நனைத்து நடும் முறையோ வேறு விதமானது. ஐந்து பொட்டலத்தை 40 லிட்டர் நீரில் கரைத்து, நாற்று முடிகளின் வேரை 15 முதல் 30 நிமிஷம் அதில் ஊற வைத்து நடும்போது, சதுர மீட்டருக்கு 50 குத்து என்ற கணக்கில், ஒவ்வொரு குத்தின் பங்குக்கும் சுமார் ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் வருகின்றன. எண்ணிக்கை மட்டுமல்ல, இடமும் நேரமும் இங்கே வாய்ப்பாக அமைகின்றன. பறித்த நாற்றின் வேர்கள் அறுந்து காயப்பட்டிருக்கின்றன. காயத்தின் வழியே சர்க்கரை கசிகிறது. நட்ட சில நாட்களில் புது வேர்கள் வெடித்து வருகின்றன. வயலின் பழங்குடிகள் வந்து சேருமுன் அந்த இடுக்குகளில் முதலில் குடியேறிவிட்ட பாக்டீரியாவை அவை வெளியேற்றுதல் எளிதன்று. நாற்று நடவு என்னும் பழைய முறை, இந்தப் புதிய சாஸ்திரத்துக்குக் கிடைத்த எதிர்பாராத துணை. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்தும் முறையும் இதே தத்துவத்தைச் சார்ந்ததே. விதையை ரசாயனப் பூஞ்சணக் கொல்லியால் நேர்த்தி செய்தவர்கள், ஒரு நாள் இடைவெளி விட்டே பாக்டீரியாவைப் பூச வேண்டும்.

ஆள் பஞ்சத்தினால் நடவு குறைந்து, சேற்று விதைப்பும் புழுதி விதைப்பும் பெருகிவரும் இக்காலத்தில், வேரை நனைக்கும் சந்தர்ப்பமே இல்லாமற் போகிறது. இயந்திர நடவுக்கான பாய் நாற்றங்காலில் பாக்டீரியாவைக் கலந்த நீரைத் தெளிக்கலாம்; நேரடி விதைப்பில் எஞ்சியிருப்பது விதைப் பூச்சு ஒன்றே. புழுதியில் மழைக்காகக் காத்துக்கிடக்கும் விதையின் மேல், அந்த வெயிலில், வித்தாக உறங்கத் தெரியாத அசோஸ்பைரில்லம் எத்தனை நாள் உயிர் தரிக்கும்? வித்துறை கட்டி வறட்சியைத் தாங்கும் பேசில்லஸ் இனங்கள் அந்நிலங்களுக்கு ஏற்றவையாக இருக்கலாமென்று கருத இடமிருக்கிறது. பொட்டலத்தின் கதியும் இதுவே. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூளில் ஏற்றிய பாக்டீரியாவுக்கு ஆறு மாத ஆயுள் சொல்லப்படுகிறது; தகரக் கூரையிட்ட கிட்டங்கியில் சித்திரை, வைகாசி மாதங்களைக் கழித்த பொட்டலத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நிலக்கரியே. உலர்வுக்கு அஞ்சாத திரவ வடிவங்கள் இக்குறையை ஓரளவு நீக்கியிருக்கின்றன.

வயல் அவற்றை எவ்வாறு உபசரிக்கிறது என்பது அடுத்த விஷயம். அங்ககப் பொருள் வற்றிய மண்ணில் பாக்டீரியாவுக்கு உணவில்லை. அடியுரமாக யூரியாவை அள்ளி இறைத்த வயலில், அம்மோனியா ஏராளமாகக் கிடைப்பதால், நைட்ரஜன் பிடிக்கும் இனங்கள் தம் நொதிப்பொருளை உண்டாக்குவதையே நிறுத்திவிடுகின்றன. நீலப்பச்சைப் பாசி விஷயத்தில் இதன் இன்னொரு விபரீதமும் உண்டு. உரத்தினால் கொழுத்த பாசிகள் நடுப்பகலில் நீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிட, நீரின் காரத்தன்மை ஏறி, அதன் விளைவாக அம்மோனியா வேகமாக ஆவியாகிப் போகிறது. போகத்துக்கு ஹெக்டேருக்கு 20, 30 கிலோ நைட்ரஜனைச் சேர்க்க வல்ல அதே பாசி, தவறான நேரத்தில் யூரியா இட்டவனுக்கு நஷ்டத்தையும் உண்டாக்குகிறது. அசோலா என்னும் மிதவைப் பெரணியின் கதை வேறு. அதன் இலைக்குள் குடியிருக்கும் பாசியால் அது நைட்ரஜனைப் பிடிப்பதில் ஐயமே இல்லை. வியட்நாமும் தென் சீனமும் அதை நூற்றாண்டுகளாகப் பயிர் செய்தன. ஆயினும் மலிந்த யூரியாவும் உயர்ந்த கூலியும் 1980களுக்குப் பின் அங்கேயும் அதை ஒதுக்கிவிட்டன. நம் ஊர்களில் அது இன்று வயலைவிடத் தொட்டியில், மாட்டுத் தீவனமாகவே அதிகம் வளர்கிறது. விஞ்ஞானத்தில் தேறிய ஒன்று பொருளாதாரத்தில் தோற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பாக்டீரியாவை மாற்றுவதற்குப் பதிலாக நெல்லையே மாற்றினால் என்ன என்ற கேள்வி 1992 முதல் தீவிரமாக எழுந்து வருகிறது. நெல்லுக்கு வேர் முடிச்சு உண்டாக்க வேண்டுமென்ற அந்த ஆண்டின் கனவு இன்னும் கைகூடவில்லை. ஆனால் நடைமுறைக்கு நெருக்கமான வேறு வழிகள் தென்படுகின்றன. இண்டிகா நெல் வகைகளின் வேர்கள், ஜப்பானிகா வகைகளைக் காட்டிலும் நைட்ரஜன் சார்ந்த தொழில் புரியும் பாக்டீரியாக்களை அதிகமாகத் திரட்டிக்கொள்கின்றன என்றும், அந்த வேற்றுமையில் ஒரே ஒரு மரபணுவுக்குக் கணிசமான பங்குண்டு என்றும் 2019இல் சீன ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். கலிபோர்னியாவில் எடுவார்டோ புளும்வால்டின் குழுவினர், வேரிலிருந்து ஏபிஜெனின் போன்ற பொருள்கள் அதிகம் கசியும்படி நெல்லின் மரபணுக்களைத் திருத்தி, அதனால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் வேரோரம் கூட்டாகப் படிந்து கூடுதலாக நைட்ரஜன் பிடிப்பதை 2022இல் வெளியிட்டனர். வெளியூர்ப் பாக்டீரியாவை மூட்டை கட்டிக் கொண்டுவராமல், உள்ளூர்க் குடிகளையே வேருக்கு அழைக்கும் இம்முறை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. நம்முடைய பழைய நெல் வகைகளில் எவை இத்தகைய அழைப்பில் வல்லவை என்று சோதிப்பதற்கு மரபணுத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

அதுவரை, பொட்டலங்களின் பலனைத் தீர்மானிக்க வேண்டிய வயல் பரிசோதனைகளிலாவது சற்று நாணயம் வேண்டும். தொழு உரத்தோடு கலந்து இட்ட பாக்டீரியாவை, இரண்டுமே இடாத பாத்தியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் பாக்டீரியாவின் பேரில் வரவு வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பொட்டலத்தைக் கொதி நீராவியில் வைத்து உயிர் நீக்கி, அதே தொழு உரத்தோடு, அதே அளவு, அதே நாளில் மற்றொரு பாத்திக்கு இட்டு, இரண்டுக்கும் யூரியாவை முழு அளவிலும் முக்கால் அளவிலும் கொடுத்து, வேரையும் தூர்களையும் எண்ணி, அறுவடையில் நெல்லை எடை போட்டுப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இட்லிப் பாத்திரமும், வரப்பு கட்டிய நான்கு சிறு பாத்திகளும், மூன்று போகத்துக்குப் பொறுமையும் இருந்தால் எந்தக் கிராமத்திலும் செய்து பார்த்துவிடலாம்.